பொறுப்பதா, புகார் செய்வதா, கிளம்புவதா? நச்சுப் பணியிடத்தில் இருப்பவருக்கு முன்னுள்ள வழிகள்

மேலாளர் படுத்தும் பாட்டைச் சொல்லி "வேலையை விட்டுவிடலாமா?" என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. வீட்டில், "எந்த இடத்தில்தான் தொல்லை இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்பார்கள். நண்பர்கள், "எழுதிக் கொடுத்துவிட்டு வா, பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். கேட்பவரிடம் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது, இரவில் தூக்கம் வருகிறதா என்று இரு தரப்பும் விசாரிப்பதில்லை. இந்த இரண்டையும் வைத்துத்தான் வழிகளை எடைபோட வேண்டும். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலை பார்ப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கடினமான வேலை வேறு, நச்சு வேலை வேறு. மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வாரத்தில் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருப்பது கடினம். முடிந்ததும் குழுவாக மூச்சுவிடுவார்கள். இருபது பேர் இணைந்திருக்கும் அழைப்பில் ஒருவரை மட்டும் பெயர் சொல்லித் திட்டுவதும், விடுப்புக் கேட்டால் சம்பள உயர்வை முடிவு செய்யும் அப்ரைசலை நினைவூட்டுவதும், தவறு நடந்தால் காரணத்தைத் தேடாமல் ஆளைத் தேடுவதும் நச்சு. முதலாவது களைப்பைத் தரும். இரண்டாவது, நமக்கு வேலையே தெரியாதோ என்று நம்மையே நம்ப வைக்கும். அதுதான் பெரிய சேதம்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதில் ஒரே லாபம், மாதக் கடைசியில் சம்பளம் வருவது. வீட்டுக் கடன் தவணை கட்டுபவருக்கு அது சிறிய விஷயமல்ல. ஆனால் கட்டுப்படுத்த முடியாத வேலை அழுத்தம் நீடித்தால் என்ன ஆகும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்திருக்கிறது: தீராத சோர்வு, வேலையின் மீது விலகலும் கசப்பும், செயல்திறன் குறைவு. மூன்றாவதைக் கவனியுங்கள். அந்த நிலையில் வேறு வேலைக்கான நேர்காணலிலும் சோபிக்க முடியாது.

தேதி குறித்துக்கொண்டு பொறுப்பதில் நியாயம் உண்டு. பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தரும் கிராஜுட்டி தொகை, ஓர் உதாரணம். நிரந்தர ஊழியருக்கு அது ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்குக் கிடைக்கிறது. கணக்கிட எடுத்துக்கொள்ளும் ஊதியம் 40,000 ரூபாய் என்றால், ஐந்து ஆண்டுக்குச் சுமார் 1.15 லட்சம் வரும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதி உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. நான்கரை ஆண்டு முடித்தவர் இதற்காக ஓரிரு மாதம் தள்ளிப்போடலாம். இரண்டாம் ஆண்டில் இருப்பவர் இதைச் சொல்லித் தன்னைக் கட்டிப்போடக் கூடாது.

புகார் செய்வதன் பலன் புகாரின் தன்மையைப் பொறுத்தது. பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வலுவானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். விசாரணை நடக்கும்போதே இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். கத்துவது, அவமானப்படுத்துவது, இரவெல்லாம் வேலை வாங்குவது ஆகியவற்றுக்கு இப்படியொரு தனிச் சட்டம் இல்லை. அங்கே மனிதவளத் துறையை நம்பித்தான் போக வேண்டும். அத்துறையோ நிர்வாகத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. எனவே புகார் மட்டுமே காப்பாற்றும் என்று நம்பி இருக்க வேண்டாம். ஆனாலும் நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். தனியாகப் போகாமல், பாதிக்கப்பட்ட நான்கு பேர் சேர்ந்து போனால் கேட்கிறார்கள்.

அதிகம் பேர் யோசிக்காத வழி ஒன்று உண்டு: அதே நிறுவனத்துக்குள் வேறு குழுவுக்கு மாறுவது. என் பார்வையில் இருப்பதிலேயே மலிவான வழி இதுதான். ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் காலம் இல்லை, பி.எஃப். தொடர்கிறது, பணிக்கொடை ஆண்டுகள் அறுபடுவதில்லை, பெற்றோருக்கான மருத்துவக் காப்பீடும் அப்படியே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பல இடங்களில் இதற்கு இப்போதைய மேலாளரின் ஒப்புதல் வேண்டும். எந்த மேலாளரிடமிருந்து தப்ப நினைக்கிறோமோ அவரே கையெழுத்துப் போட வேண்டும். அதனால் முதலில் புதிய குழுவின் தலைவரிடம் பேசி, அவர் நம்மைக் கேட்கும்படி செய்ய வேண்டும். இந்த வழி சரியா என்று அறிய ஒரு சோதனை: உங்கள் குழுவிலிருந்து வெளியேறியவர்கள் அதே கட்டடத்தில் வேறு தளத்தில் நிம்மதியாக இருக்கிறார்களா, நிறுவனத்தையே விட்டுப் போய்விட்டார்களா? முன்னது என்றால் கோளாறு ஒரு மனிதரிடம். பின்னது என்றால் தளம் மாறுவதால் பயனில்லை.

உடனே ராஜினாமா என்பது பேச்சில் இருக்கும் அளவுக்கு உடனடியானதல்ல. பல ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 90 நாள். நடுவில் நின்றுவிட்டால் முறையாக விடுவித்ததற்கு நிறுவனம் தரும் ரிலீவிங் லெட்டர் சிக்கலாகும். அது இல்லாமல் அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டுவோம். எனக்குத் தெரிந்த மென்பொருள் சோதனைப் பொறியாளர் ஒருவர் இவற்றையெல்லாம் யோசித்துத்தான் எழுதிக் கொடுத்தார். சர்க்கரை நோயுள்ள அம்மாவின் காப்பீடு தன் கடைசி வேலை நாளோடு முடியும் என்பது அவர் கணக்கில் வரவில்லை. தனியாக எடுக்கப் போனபோது, ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்றாண்டுக் காத்திருப்பு என்றார்கள். குழுக் காப்பீட்டை அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்றக் கேட்கலாம். நோட்டீஸ் காலத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

இத்தனை இருந்தும், உடல் கெட ஆரம்பித்துவிட்டால் உடனே விலகும் இந்த வழிதான் சரி. அலுவலக வாசலைக் கண்டதும் மூச்சு முட்டினாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ கணக்குப் பார்க்காதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அப்புறம் மருத்துவரைப் பாருங்கள், விடுப்பு எடுங்கள், தேவையானால் விலகுங்கள்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது, நாற்காலியில் இருந்துகொண்டே தேடுவது. கையில் சம்பளம் இருக்கும்போது பேரம் பேசும் குரலே வேறாக இருக்கும். தேடத் தெம்பு இல்லாததுதான் இதன் குறை. அதனால் இப்போதைய வேலையில் "மிகச் சிறப்பு" என்ற இலக்கைக் கைவிட்டு, கேட்டதைக் குறையில்லாமல் முடித்து, மிஞ்சும் காலை நேரத்தைத் தேடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசுத் தேர்வுக்குப் படிப்பதும் இதில் சேரும். ஆனால் டி.என்.பி.எஸ்.சி.க்காக வேலையை விட்டுவிட்டுப் படிக்க, இரண்டு ஆண்டுக்காவது தாங்கும் குடும்பம் வேண்டும்.

எதைத் தேடுவது என்பதிலும் தெளிவு வேண்டும். தப்பித்தால் போதும் என்று எடுக்கும் வேலை பெரும்பாலும் பழையதைப் போலவே அமைகிறது. எமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற ஆய்வாளர்கள் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசிப் பார்த்தார்கள். ஒரே வேலையைச் சிலர் வெறும் சுத்தம் செய்தலாகவும், சிலர் நோயாளி குணமாக உதவுவதாகவும் செய்துகொண்டிருந்தார்கள். வேலையைத் தன் விருப்பத்துக்கு ஏற்பச் சற்றே வளைத்துக்கொள்ள இடம் இருப்பது நிறைவுக்குப் பெரிய காரணம். பதவிப் பெயரில் அது தெரியாது. நேர்காணலில், "இந்த இடத்தில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே?" என்று கேளுங்கள். பதவி உயர்ந்து பக்கத்துக் குழுவுக்குப் போனார் என்றால் நல்லது. கேள்விக்கு முகம் மாறினால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் இரண்டு முறை யோசியுங்கள்.

கிளம்பும்போது சம்பளச் சீட்டுகளையும், நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்றையும் (படிவம் 16) பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுப் பணி முடியும் முன் பி.எஃப். பணத்தை எடுத்தால் வரி வரும் என்பதால், புதிய கணக்குக்கு மாற்றுவதே நல்லது. வெளியேறிய தேதியைப் பழைய நிறுவனம் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசி பி.எஃப். தவணை செலுத்தி இரண்டு மாதம் ஆனதும், பி.எஃப். உறுப்பினருக்கான யூ.ஏ.என். இணையதளத்தில் நாமே பதிவு செய்துகொள்ளலாம்.