பால்ட்வினா, மெக்டொனால்டா? என் ஓட்டு பால்ட்வினுக்கு

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் பிரிட்டனை ஆண்ட பிரதமர்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு ஆழமாகப் படிக்கலாம் என்று நினைத்தபோது, ராம்சே மெக்டொனால்டு, ஸ்டான்லி பால்ட்வின் இரண்டு பேருக்கும்தான் போட்டி. பால்ட்வினை எடுத்துக்கொண்டேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மெக்டொனால்டின் பெருமை தெரிந்ததுதான். ஸ்காட்லாந்தில் ஏழைத் தாய்க்குப் பிறந்து 1924இல் தொழிலாளர் கட்சியின் முதல் பிரதமரானவர். ஏழைகளுக்கு நகராட்சி வீடு கட்டித் தர வீட்லி சட்டம் வந்தது அந்தக் குறுகிய ஆட்சியில்தான். இந்தியாவில் சமூகவாரியாகத் தனித் தொகுதிகள் ஒதுக்கிய 1932இன் வகுப்புவாரித் தீர்ப்பும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஆனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கசப்பான முடிவு எடுக்க வேண்டி வந்தபோது சொந்தக் கட்சியைக் கூட்டிக்கொண்டு போனவர் யார்? 1931 ஆகஸ்டில் வேலையில்லாதவர்களின் உதவித்தொகையை 10 சதவீதம் வெட்டுவதில் அமைச்சரவை பிளந்தது. மெக்டொனால்டு கன்சர்வேடிவ், லிபரல் கட்சிகளோடு சேர்ந்து தேசிய அரசு அமைத்தார். கட்சி அவரை வெளியேற்றியது, அக்டோபர் தேர்தலில் அதுவும் 52 இடங்களுக்குச் சுருங்கிப்போனது. அவர் செய்த நல்லதை எடுத்துச் சொல்லக்கூட அப்புறம் அங்கே ஆள் இல்லை.

கன்சர்வேடிவ் கட்சித் தலைவரான பால்ட்வினுக்கு அதே மாதிரி சோதனை இந்தியாவால் வந்தது. இந்தியாவுக்கு இலக்கு டொமினியன் அந்தஸ்து, அதாவது பேரரசுக்குள்ளேயே தன்னாட்சி, என்று வைஸ்ராய் இர்வின் 1929இல் அறிவித்ததை அவர் ஆதரித்தார். அந்த இந்தியக் கொள்கை பிடிக்காமல்தான் 1931 ஜனவரியில் சர்ச்சில் கட்சியின் முன்வரிசைத் தலைவர்கள் குழுவை விட்டு விலகினார். அதன் பிறகு நாலு வருஷம் சர்ச்சிலும் அவர் கூட்டமும் கட்சி மாநாடுகளில் மோதிக்கொண்டே இருந்தார்கள். பால்ட்வின் கட்சியை விட்டு ஓடவும் இல்லை, இந்தியாவுக்கான அரசியல் சீர்திருத்த மசோதாவைக் கைவிடவும் இல்லை, ஒவ்வொரு மேடையிலும் பேசிப் பேசியே பெரும்பான்மையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மசோதா காமன்ஸ் சபையில் நடந்த காலத்தில் பிரதமர் நாற்காலியில் இருந்தவர் மெக்டொனால்டுதான், ஆனால் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது கன்சர்வேடிவ் எம்.பி.க்களை, அந்த வேலையைச் செய்தவர் பால்ட்வின். 1935 இந்திய அரசுச் சட்டம் அப்படித்தான் வந்தது. காங்கிரசுக்கு அது போதவில்லை, கோபப்பட்டதும் நியாயமே. ஆனாலும் அந்தச் சட்டப்படி நடந்த தேர்தலில் ஜெயித்துத்தான் 1937இல் ராஜாஜி சென்னை மாகாண பிரீமியர் (இன்றைய முதலமைச்சர் மாதிரி) ஆனார், நம் அரசியல் சட்டத்தின் நிர்வாகப் பகுதிகள் பலவற்றுக்கும் அதுவே மூலம்.

பால்ட்வினிடம் குறை இல்லாமல் இல்லை. 1926 பொது வேலைநிறுத்தத்தை நிதானமாகக் கையாண்டவர், அடுத்த வருஷமே தன் கட்சியின் கடும்போக்காளர்களுக்கு வளைந்துகொடுத்துத் தொழிற்சங்கங்களை ஒடுக்கும் சட்டத்தை அனுமதித்தார். அது தவறு என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஹிட்லருக்கு எதிராக ஆயுதம் சேர்க்கத் தாமதித்தார் என்ற குற்றச்சாட்டில் மட்டும் அவ்வளவு உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வேகம் போதவில்லை என்றே படுகிறது, ஆனால் 1940இல் பிரிட்டனைக் காத்த ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களுக்கு 1936இல் முதல் ஆர்டர் கொடுத்ததும் அவருடைய அரசுதான்.