வெடிப்பின் முனைவாக்கம்: விண்வெளியில் அளப்பதா, காவலூர் போன்ற மலையிலா?

காமாக் கதிர் வெடிப்பு என்பது தொலைவிண்ணில் குறுகிய நேரம் காமாக் கதிரைக் கொட்டும் வெடிப்பு. அதிலிருந்து பீறிடும் பொருளோட்டமான தாரையில் காந்தப்புலம் ஒழுங்காக இருந்ததா, குழம்பிக் கிடந்ததா என்பதை முனைவாக்கம், அதாவது ஒளியலைகள் ஒரே திசையில் அதிரும் அளவு, காட்டும். முனைவாக்கம் மிக அதிகமாக இருந்தால், தாரையை உந்தும் மைய எந்திரத்தின் காந்தப்புலம் சிதையாமல் வந்திருக்கலாம்.

முதல் வழி, காமாக் கதிரையே அளப்பது. 2015இல் ஏவிய இந்திய விண்கலம் அஸ்ட்ரோசாட்டின் சிஇசட்டிஐ (CZTI) கருவியில் ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், ஒரு பிக்சலில் சிதறிப் பக்கத்துப் பிக்சலில் உறிஞ்சப்படும். இந்த இரட்டைப் பதிவுகள் முனைவாக்கத் திசைக்குச் செங்குத்தாக அதிகம் விழும். வம்பு இங்கேதான்: பக்கத்துப் பிக்சலுக்கும் மூலைப் பிக்சலுக்கும் வாய்ப்பு சமமில்லை, எனவே முனைவாக்கமே இல்லாத ஒளியும் பொய்யாக முனைவாக்கம் காட்டும். முனைவாக்கமில்லாத ஒளிக்கான கணினி உருவகத்தால் வகுத்துத் திருத்த வேண்டும். வெடிப்பின் நடுவில் முனைவாக்கக் கோணம் திரும்பினாலோ கூட்டிய சராசரி கரைந்துவிடும். காமாக் கதிர் முனைவாக்கத்தை விண்வெளியில் அளந்த போலார் (POLAR) கருவியின் தரவு 2019இல் சொன்ன 10 சதவீதச் சராசரியை அப்படித்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

மற்றது, வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் பின்னொளியைக் கண்ணுறு ஒளியில் தரையிலிருந்து அளப்பது. 2012 மார்ச் 8 வெடிப்பில் லிவர்பூல் தொலைநோக்கி சுமார் 28 சதவீதம் கண்டது, அதுவும் வெடித்துச் சுமார் நான்கு நிமிடத்தில். பழைய வட ஆற்காட்டின் காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி உண்டு. இத்தகைய தொலைநோக்கியில் முனைவாக்கத் திசையைத் திருப்பும் அரை அலைத்தகட்டை 0, 22.5, 45, 67.5 பாகையில் திருப்பிப் படமெடுக்கலாம். ஆனால் படங்களுக்கிடையே ஒளி மங்கும். எனவே ஒளியை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு முனைவாக்கக் கதிர்களாகப் பிரித்து, இரண்டையும் ஒரே படத்தில் விழவைக்கும் பட்டகம் வேண்டும். நிலவுக்கு 90 பாகை தள்ளிய வானமும் தானே முனைவாகியிருக்கும். பால்வெளித் தூசி சேர்க்கும் முனைவாக்கத்தைக் கழிக்க, அதே வான்பகுதி விண்மீன்களையும் அளந்துவிடுங்கள்.

எந்திரத்தின் பிறப்பைக் கேட்டால் முதல் வழிதான். துல்லியம் கேட்டால் இரண்டாவது.