பம்ப், பொடி, நெபுலைசர்: இழுப்புக்கு எந்த வழி, யாருக்கு?

இழுப்பு (ஆஸ்துமா) வந்தவருக்கு உடனடி நிவாரணமாகத் தரப்படும் சால்புட்டமால் ஒரே மருந்துதான் என்றாலும், அதை நுரையீரலுக்குள் கொண்டு சேர்க்க மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன: அழுத்தினால் மருந்தைப் பீய்ச்சும் பம்ப், கேப்ஸ்யூலில் அடைத்த பொடியை வாயால் உறிஞ்சும் பொடி இன்ஹேலர், திரவ மருந்தை மென்துளிகளாக்கி முகமூடி வழியே தரும் நெபுலைசர். நம் வீடுகளில் இம்மூன்றுக்கும் ஒரு வரிசை வகுத்து வைத்திருக்கிறோம். பொடி லேசானது, பம்ப் கடுமையானது, அடித்தால் பழகிவிடும், நெபுலைசர் வைத்தால்தான் முழுமையான சிகிச்சை. இழுப்புள்ள குழந்தையை வளர்க்கும் வீட்டைச் சேர்ந்தவன் என்பதால் இந்த வரிசையை நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். இது தவறானது, குழந்தைகள் விஷயத்தில் தீங்கானதும்கூட.

மூன்று கருவிகளும் தீர்க்க முயல்வது ஒரே சிக்கலைத்தான். ஏறத்தாழ ஒன்று முதல் ஐந்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவுள்ள துகள்களே சுருங்கிய சிறு மூச்சுக்குழாய்களை எட்டும். அதைவிடப் பெரியவை தொண்டையில் மோதி, எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். ஆகவே ஒரு கருவி எவ்வளவு மருந்தை வெளியே தள்ளுகிறது என்பதைக் காட்டிலும், அதில் எவ்வளவு நுரையீரலுக்குள் இறங்குகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பம்பின் வரலாறு ஒரு சிறுமியின் கேள்வியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வக நிறுவனத் தலைவரின் மகளுக்கு ஆஸ்துமா இருந்தது. தலைமுடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயைப் போலத் தன் மருந்தும் ஏன் வரக்கூடாது என்று அவள் கேட்டதையடுத்து நடந்த முயற்சியில் 1956-இல் முதல் பம்ப் சந்தைக்கு வந்தது. கையடக்கமானது, மின்சாரம் வேண்டாதது, சில நொடிகளில் வேலை முடிவது என அதன் நிறைகள் அனைத்தும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன. அன்றைய குறையும் அப்படியே இருக்கிறது. மருந்து மிகுந்த வேகத்தில் பாய்ந்து வருவதால், அழுத்தும் அதே கணத்தில் மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சை இழுத்து, பத்து நொடி அடக்கி வைக்க வேண்டும். மூச்சுத் திணறும்போது இந்த ஒத்திசைவு பெரியவர்களுக்கே கைகூடுவதில்லை. கை முந்தினாலோ மூச்சு பிந்தினாலோ மருந்தின் பெரும்பகுதி தொண்டைப் பின்சுவரில் படிந்துவிடுகிறது. பிறகு, 'பம்ப் எனக்குக் கேட்கவில்லை' என்கிறார்கள்.

இந்தக் குறையைத் தீர்ப்பது ஸ்பேசர் என்ற சாதாரண பிளாஸ்டிக் குடுவை. பம்பை அதன் ஒரு முனையில் செருகி அழுத்தினால், மருந்து குடுவைக்குள் வேகம் தணிந்து மிதக்கிறது. பெரிய துளிகள் சுவரில் ஒட்டிக்கொள்ள, நுண்துளிகள் மூச்சுக்குக் காத்திருக்கின்றன. சிறு குழந்தைக்கு முகமூடியைச் சரியாகப் பொருத்தி, இயல்பாக ஐந்தாறு மூச்சு விடச் செய்தால் போதும். குழந்தை அழுதால் மருந்து நன்றாக உள்ளே போகும் என்று சொல்லப்படுவது முற்றிலும் பிழை. அழும்போது மூச்சு வெளியேறும் நேரமே நீள்வதால், எந்தக் கருவியானாலும் நுரையீரலை அடையும் மருந்து வெகுவாகக் குறைகிறது. மடியில் அமர்த்தி, அமைதிப்படுத்திக் கொடுக்கும் ஒரு முறை, பிடித்து அழுத்திக் கொடுக்கும் பல முறைகளுக்கு மேலானது.

இனி ஸ்பேசரையும் நெபுலைசரையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். பம்பின் ஓர் அழுத்தத்தில் வருவது 100 மைக்ரோகிராம் சால்புட்டமால். நெபுலைசரில் ஒரு முறைக்கு ஊற்றுவது பெரும்பாலும் 2.5 மில்லிகிராம், அதாவது இருபத்தைந்து அழுத்தங்களுக்குச் சமம். இந்தக் கணக்கைப் பார்ப்பவர் நெபுலைசரே வலியது என்றுதான் எண்ணுவார். ஆனால் அதில் ஊற்றிய மருந்தில் கணிசமான பகுதி கிண்ணத்திலேயே தங்குகிறது, இன்னொரு பகுதி அறைக் காற்றில் கலக்கிறது, முகமூடி சற்று விலகியிருந்தால் இழப்பு மேலும் கூடுகிறது. கடும் இழுப்போடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் நடந்த பல சோதனைகளைத் தொகுத்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேனின் மதிப்பாய்வு, உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஸ்பேசர் நெபுலைசருக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. குழந்தைகளிடம் ஸ்பேசர் ஒரு படி மேலாகவே இருந்தது: அவசரப் பிரிவில் இருக்க வேண்டிய நேரம் குறைந்தது, நெஞ்சுப் படபடப்பும் குறைவாக இருந்தது.

அப்படியானால் நெபுலைசர் எதற்கு? மயக்கம் தட்டுபவருக்கு, கருவியோடு ஒத்துழைக்க முடியாதவருக்கு, ஆக்சிஜனும் மருந்தும் ஒருசேரத் தேவைப்படும் கடுமையான நிலையில் இருப்பவருக்கு மருத்துவமனையில் அதன் இடம் உறுதியானது. வீட்டில் வாங்கி வைப்பதைப் பற்றித்தான் எனக்கு அச்சம். ஒரு முறைக்குப் பத்து நிமிடம் வரை ஆகும். கிண்ணத்தையும் குழாயையும் ஒழுங்காகக் கழுவி உலர்த்தாவிட்டால் கிருமி வளரும். எல்லாவற்றையும் விட, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நிம்மதியில் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் கடந்துவிடுகிறது. நிவாரண மருந்து மூன்று நான்கு மணி நேரத்துக்குள் திரும்பத் தேவைப்பட்டாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ வீட்டில் எந்தக் கருவியையும் நம்பிக் காத்திருக்கக் கூடாது.

பொடி இன்ஹேலரின் பெரிய வசதி, அழுத்துவதையும் இழுப்பதையும் ஒத்திசைக்க வேண்டியதில்லை என்பது. இழுக்கும் மூச்சே பொடியை உடைத்து உள்ளே கொண்டுபோகிறது. அதனாலேயே இங்கு முறை தலைகீழ்: பம்புக்கு மெதுவான மூச்சு, பொடிக்கு வேகமான, வலுவான மூச்சு. இரண்டையும் ஒரே வீட்டில் பயன்படுத்துபவர்கள் இதில் குழம்புவது இயல்பே. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும், நுரையீரல் மிகவும் தளர்ந்த முதியவருக்கும், கடும் திணறலில் இருப்பவருக்கும் அந்த வேகம் வராது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கேப்ஸ்யூலை முன்கூட்டியே பிரித்து வைத்தால் பொடி கட்டிதட்டும். கருவிக்குள் மூச்சை ஊதினாலும் அப்படியே. கேப்ஸ்யூலை மாத்திரையென்று நினைத்து விழுங்கிவிடுபவர்களும் உண்டு. முறையாகக் கற்ற இளைஞருக்கும் நடுவயதினருக்கும் இது நல்ல தேர்வு. பம்பில் மருந்தைத் தள்ளும், புவி வெப்பத்தைக் கூட்டும் உந்துவாயு இதில் இல்லை என்பது கூடுதல் நன்மை.

ஸ்பேசர் வாங்க வசதியில்லை என்பது உண்மையான தடை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குழந்தைகள் மருத்துவர் ஹெதர் ஸார் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியின்றி ஒட்டிச் செய்த ஸ்பேசர், கடையில் விற்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது. நுரைப் பிளாஸ்டிக் கோப்பையால் செய்த ஸ்பேசர் அந்த அளவுக்குப் பயன்படவில்லை. ஆகவே கையால் செய்வதானாலும் துளை இறுக்கமாக அமைய வேண்டும்.

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும், சால்புட்டமால் குழாயின் தசையைத் தளர்த்துமே தவிர உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்காது. அதனால்தான் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டி அமைப்பான ஜினா, 2019 முதல் பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் அதை மட்டும் தனியாகத் தருவதைப் பரிந்துரைப்பதில்லை. அழற்சியைத் தணிக்கும் தடுப்பு மருந்தான, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் சேர வேண்டும் என்கிறது. 'பழகிவிடும்' என்ற அச்சத்தில் பலர் நிறுத்துவது இந்தத் தடுப்பு மருந்தைத்தான். அதன் அளவு மைக்ரோகிராம்களில் இருப்பதையும், பயன்படுத்தியதும் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணைப் பெரிதும் தவிர்க்கலாம் என்பதையும் யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

என் தேர்வு பெரும்பாலான வீடுகளுக்குப் பம்பும் ஸ்பேசரும்தான். ஸ்பேசரைப் பாத்திர சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் தானே உலர விடுங்கள். துணியால் துடைத்தால் சுவரில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கருவியையும் எடுத்துச் சென்று, அவர் கண்முன் ஒரு முறை பயன்படுத்திக் காட்டுங்கள்.