கூரையா, இடுப்புக்கோடா, மட்கார்டா: பழைய காருக்கு இருவண்ணப் பூச்சு

பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் இரண்டு நிறங்களைத் தேர்ந்துகொண்ட பிறகே அவை சந்திக்கும் கோட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். என் கருத்தில் அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். கோடு பிசகினால் எவ்வளவு அழகான நிறங்களும் ஒட்டுப்போட்டது போலவே தெரியும். கோடு சரியான இடத்தில் ஓடினால் மிகச் சாதாரண நிறங்கள்கூட எடுபடும்.

கோட்டை அமைக்கும் மூன்று வழிகளில் கூரைக்கு மட்டும் வேறு நிறம் கொடுப்பதே எளிமையானது. 1961இல் வந்த மினி கூப்பரின் வெள்ளை அல்லது கறுப்புக் கூரை இதற்கு நல்ல உதாரணம். கதவுகளையோ பானட்டையோ கோடு தொடுவதில்லை என்பதால், கதவு சற்றே இறங்கியிருந்தாலும் இருவண்ணத்தால் அந்தக் குறை பெரிதாகாது. கூரை வெள்ளையாக இருந்தால் வெயிலில் நிற்கும் காரின் உள்ளே சூடு ஓரளவு குறையும். கூரையைத் தாங்கும் தூண்களில் நிறம் எங்கே முடிய வேண்டும் என்பது ஒன்றே இதில் சிக்கல். தூணில் மடிப்போ பட்டையோ இல்லாத காரில் அந்த முடிவு எப்போதும் தற்செயலாக அமைந்தது போலவே தோன்றும்.

பக்கவாட்டில் இடுப்புக்கோடாக ஓடும் இரண்டாவது வழிதான் அதிக அழகு தருவது. அதிக வேலை வாங்குவதும் இதுவே. 1955ஆம் ஆண்டு செவ்ரோலே பெல் ஏரில் கூரையின் நிறம் பின்பக்கத்துக்கு இறங்கி, டிக்கியையும் சேர்த்துக்கொண்டு, குரோம் பட்டையில் வந்து முடிகிறது. ஆஸ்டின் ஹீலியில் அத்தகைய பட்டை கிடையாது; தகட்டிலேயே அழுத்தப்பட்ட மடிப்புதான் எல்லை. மேலே நீலமும் கீழே தந்த வெள்ளையுமாக அந்தக் கார் அவ்வளவு பொருந்தி நிற்பதற்கு, உடலை வடித்தவர் வரைந்த கோட்டையே பூச்சும் பின்பற்றுவது காரணம். பழைய ஃபோக்ஸ்வாகன் வேனின் முகத்தில் இறங்கும் 'வி' வடிவ மடிப்பையும் இந்த வரிசையில் சேர்க்கலாம்.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் வேலைமுறை வேறுபடுகிறது. பட்டை உள்ள காரில் இரண்டு பூச்சுகளும் சந்திக்கும் விளிம்பு பட்டையின் அடியில் ஒளிந்துகொள்ளும். எனவே கிளியர் கோட் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் படலம்) தேவைப்படாத பழைய வகைப் பூச்சையே தயங்காமல் அடிக்கலாம். ஆனால் பிரைமர் என்னும் அடிப்பூச்சுக்கு முன்பே பட்டையை ஒருமுறை பொருத்திப் பார்த்து, அதன் நடுவில் கோடு விழுகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பட்டை இல்லாத காரில் அதே பூச்சை அடித்தால், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய இரண்டு படலங்களின் படி விரலில் தட்டுப்படும். அங்கே இரண்டு நிறங்களையும் பேஸ் கோட்டாக, அதாவது வெறும் நிறப்படலமாக அடித்து, இரண்டுக்கும் சேர்த்து மேலே கிளியர் கோட் கொடுத்துத் தேய்த்து மெருகேற்றுவதே மேல்.

எந்த எல்லையானாலும், கதவுகளைக் காரில் மாட்டி, இடைவெளிகளைச் சரிசெய்து, மூடிய நிலையில்தான் கோட்டுக்கான மெல்லிய டேப்பை ஒரே இழுப்பில் ஒட்ட வேண்டும். கதவைக் கழற்றித் தனியே அடித்தால், திரும்ப மாட்டும்போது கோடு இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஆகவே டிங்கரிங் வேலை துல்லியமாக முடியாத காருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மட்கார்டுகளுக்கு அடர்நிறமும் உடலுக்கு வெளிர்நிறமும் கொடுக்கும் மூன்றாவது வழி, மட்கார்டு தனியாகப் புடைத்து நிற்கும் 1930களின் கார்களுக்கே உரியது. 1980இல் சிட்ரோயன் தனது 2சிவி சார்ல்ஸ்டனில் கறுப்பையும் அடர்சிவப்பையும் சேர்த்து அந்தக் காலத் தோற்றத்தை மீட்டது. மட்கார்டும் உடலும் ஒன்றாகிவிட்ட பிற்காலக் கார்களில் இது பொருந்தாது.

கோடு முடிவான பிறகு நிறங்களுக்கு வரலாம். அடர்நிறம் மேலே இருந்தால் கார் தாழ்ந்து கனமாகத் தெரியும். வெளிர்நிறம் மேலே இருந்தால் கூரை இலேசாகி, கண்ணாடிகள் பெரிதாகத் தோன்றும். பளபளப்பான அடர்நிறம் தகட்டின் சிறு அலையைக்கூடக் காட்டிக்கொடுக்கும் என்பதால், பள்ளங்களை நிரப்பும் பட்டி அதிகம் பிடித்த பகுதிக்கு வெளிர்நிறத்தை ஒதுக்குவது நல்லது. மெட்டாலிக் நிறத்தில் பின்னாளில் சிறு பழுது பார்த்தாலும், வேறுபாடு தெரியாமலிருக்க அடுத்த தகடுவரை கலந்து அடிக்க வேண்டியிருக்கும். இருவண்ணக் காரில் அந்தக் கலப்பு கோட்டோடு நின்றுவிடும் என்பது பலரும் கவனிக்காத ஒரு வசதி.

தொழிற்சாலை நிறமா, சொந்த விருப்பமா என்ற கேள்விக்கு என் பதில் காரைப் பொறுத்தது. பட்டைகளும் நிறக்குறியீட்டுத் தகடும் அப்படியே இருந்தால், பழைய நிறத்தைத்தான் கொடுப்பேன். ரப்பர் பட்டைகளின் அடியிலும் டிக்கியின் மூலைகளிலும் அசல் பூச்சு பெரும்பாலும் வெயில் படாமல் மிச்சமிருக்கும். அதை வைத்தே நிறத்தை ஒப்பிட்டுக்கொள்ளலாம். பட்டைகள் தொலைந்து, அவை இருந்த துளைகளும் அடைக்கப்பட்டுவிட்ட காரானால், பக்கவாட்டுக் கோட்டைக் கற்பனையில் வரைவதைவிடக் கூரையோடு நிறுத்திக்கொள்வேன்.