தோல் தைக்க எந்தப் பழைய இயந்திரம்: பேட்சரா, வாக்கிங் ஃபுட்டா, தையல்காரர் மெஷினா?

தோல் வேலைக்கென்று பழைய தொழிற்சாலைத் தையல் இயந்திரம் ஒன்றைத் தேடிக் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலும், திருப்பூரில் பழைய இயந்திரம் விற்பவர்களிடமும் அலைகிறவர் முன்னால் கடைசியில் மூன்று வகைகள்தான் வந்து நிற்கும். செருப்புக் கடைகளில் காணும் நீண்ட கை கொண்ட சிங்கர் 29கே என்னும் பேட்சர் ஒன்று; பேருந்து இருக்கைக்கு ரெக்சின் தைக்கும் பட்டறைகளிலிருந்து கழித்துவிடப்படும் சிங்கர் 111 அல்லது ஜூகி எல்யூ-563 போன்ற வாக்கிங் ஃபுட் இயந்திரம் மற்றொன்று; தையல்காரர்கள் இரண்டு தலைமுறையாக ஓட்டிய சிங்கர் 31கே மூன்றாவது. மூன்றும் வார்ப்பிரும்பு, மூன்றும் கனமானவை, மூன்றையும் விற்பவர் ஒரே சொல்லால்தான் விற்பார்: "தூக்கிப் பாருங்க, எடையே சொல்லுமுங்க." எடை ஒன்றும் சொல்லாது. தோலை நகர்த்துவது மேலிருந்து அழுத்தும் பூட்டா (ஃபுட் என்னும் பாதம்; பட்டறைகளில் அதைப் பூட்டு என்போம்), கீழிருக்கும் பல்லா, ஊசியும் கூடவா என்பதுதான் தையலின் தரத்தைத் தீர்மானிக்கிறது; இந்த ஒப்பீடு முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

திருப்பூரில் மலைபோல் குவிந்திருக்கும் ஓவர்லாக், ஃபிளாட்லாக் இயந்திரங்களை முதலிலேயே விலக்கிவிடலாம். அவை மெல்லிய ஊசியும் மெல்லிய நூலும் கொண்டு பின்னலாடைத் துணியில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தையல் போடப் பிறந்தவை. விலை மலிவு என்பதற்காக அவற்றை வாங்கித் தோலுக்கு மாற்ற முயல்வது வீண் செலவு.

அடையாளம் காண்பது பெயர்த் தகட்டில் தொடங்குகிறது. சிங்கர் தொழிற்சாலை இயந்திரங்களில் வகை எண்ணுக்கு நடுவே வரும் எழுத்து பிறந்த ஊரைக் குறிக்கும். ‘கே’ என்றால் 1885 முதல் 1980 வரை இயங்கிய ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை. ‘டபிள்யூ’ என்றால் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட். ‘ஜி’ என்றால் ஜெர்மனி. தகடு இல்லாமலோ, பளபளக்கும் புதுக் கறுப்பு வண்ணத்தின்மேல் மிகத் தெளிவான தங்க எழுத்துகளோடோ இருந்தால் எச்சரிக்கை வேண்டும். மறுவண்ணம் பூசுவது குற்றமில்லை, ஆனால் எண்ணெய்த் துளைகளுக்குள்ளும் வண்ணம் இறங்கியிருந்தால், பூசியவர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை என்று பொருள். பேட்சரின் வடிவில் சீனாவில் செய்யப்படும் கையால் சுற்றும் சிறு இயந்திரமும் சந்தையில் உண்டு. வார்ப்பின் விளிம்புகள் அரம் படாமல் சொரசொரப்பாக இருப்பதே அதன் அடையாளம். பொறுமையாக அரத்தால் தேய்த்துச் சரிசெய்பவருக்கு அது உழைக்கும். பிறருக்கு அது ஒரு விளையாட்டுப் பொருள்.

29கே பேட்சர்

பேட்சரில் கீழே பல் கிடையாது. மேலிருக்கும் பூட்டே தோலைப் பிடித்து இழுக்கிறது; அந்தப் பூட்டு ஊசியைச் சுற்றி முழு வட்டமாகத் திரும்பும் என்பதால், பொருளைத் திருப்பாமலேயே எந்தத் திசையிலும் தைக்கலாம். 12 அங்குலம், 18 அங்குலம் என இரண்டு நீளங்களில் வரும் அதன் கை, நுனியில் மிக ஒடுங்கியிருப்பதால், செருப்பின் உட்புறம், பையின் மூலை, குதிரைச் சேணத்தின் மடிப்பு ஆகிய இடங்களில் வேறு எந்த இயந்திரமும் நுழையாதபோது இது நுழையும். ஆடியில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு வரும் குதிரைகளின் கடிவாளமும் சேணமும் அறுந்தால், அவிழ்க்காமல் அந்த இடத்தை மட்டும் தைத்துக் கொடுக்க இதைவிட ஏற்ற கருவி இல்லை.

அதே காரணங்களால் இது உற்பத்திக்கு ஆகாது. பழைய வகைகளின் பாபின், அதாவது கீழ்நூல் சுற்றிய உருளை, மிகச் சிறியது. ஒரு பெல்ட்டின் இரு ஓரங்களையும் தைத்து முடிப்பதற்குள் நூல் தீரும். நூலும் 40 டிக்கெட் நைலான் அளவில் (டிக்கெட் எண் குறையக் குறைய நூல் தடிக்கும்) இருந்தால்தான் நிம்மதி; 30 டிக்கெட்டை மல்லுக்கட்டி ஓட்டலாம்; 20 டிக்கெட்டைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பூட்டின் பற்கள் தோலில் தடம் பதிக்கும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலில் இந்தத் தடம் அழிவதே இல்லை. பற்களை எண்ணெய்க் கல்லால் மழுக்குவது, பூட்டின் அடியில் மெல்லிய தோல் ஒட்டுவது என்று சில வழிகள் உண்டு. தடம் குறையும், பிடிப்பும் சற்றுக் குறையும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய தேய்மானம் இரண்டு இடங்களில் இருக்கும். முதலாவது, தலைப்பகுதியில் பூட்டை நகர்த்தும் நெம்புகோலின் நுனியும் அது தொடும் வளையமும். தையல் நீளத்தை முழுமையாக வைத்து, கையால் சுற்றி, முன், பின், இடம், வலம் என நான்கு திசைகளிலும் பத்துப் பத்துத் தையல் போட்டு அளவுகோலால் அளக்க வேண்டும். நான் முதன்முதலில் வாங்கிய பேட்சரில் கடைக்காரர் ஒரே திசையில் தைத்துக் காட்டினார். நானும் மயங்கி எடுத்து வந்துவிட்டேன். மற்றத் திசைகளில் அது பாதி நீளம்தான் தைத்தது. நெம்புகோல் நுனியில் பித்தளைப் பற்றவைப்பால் உலோகம் ஏற்றி, பழைய வடிவுக்கு அராவி எடுத்த பிறகே சரியானது. அதற்கு மூன்று முறை மாட்டிக் கழற்ற வேண்டியிருந்தது.

இரண்டாவது, கைக்குள் ஓடி, பாபினைத் தாங்கும் ஷட்டிலை ஆட்டும் பல் சட்டமும் அதன் சிறு பல் சக்கரமும். கைச்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஷட்டிலை விரலால் ஆட்டினால் ஏற்படும் தளர்ச்சிதான் அதன் தேய்மானம். சிறு தளர்ச்சி எல்லாப் பழைய இயந்திரத்திலும் உண்டு. அது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவாக இருந்தால், மெதுவாகத் தைக்கும்போது ஒழுங்காக விழும் தையல், வேகம் கூடியதும் விடுபடத் தொடங்கும். புதிய பல் சட்டம் வெட்டிக்கொள்ள நமக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. மோட்டார் பம்ப்புக்கும் கிரைண்டருக்கும் பாகம் கடையும் கோவைப் பட்டறைகளில், பழைய பாகத்தை மாதிரியாகக் கொடுத்தால் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். ஆவாரம் பட்டைத் தோலைத் தைக்கும் இயந்திரத்துக்கு ஆவாரம்பாளையத்தில் பாகம் கடைந்து வாங்கியதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

எந்த வகையானாலும் ஒரு எச்சரிக்கை பொதுவானது: சிங்கர் திருகுகளின் மரை அங்குலக் கணக்கில் அமைந்த தனி மரை. திருகு தொலைந்துபோனதென்று மெட்ரிக் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுத் துளையைப் பெரிதாக்கிய இயந்திரம், பிறகு யார் கைக்குப் போனாலும் தலைவலிதான்.

111 வகையும் அதன் உறவுகளும்

வாக்கிங் ஃபுட் இயந்திரத்தில் பூட்டு இரண்டாகப் பிரிந்திருக்கும். உள்பூட்டும் ஊசியும் கீழ்ப்பல்லும் ஒன்றாகச் சேர்ந்து தோலை நகர்த்த, வெளிப்பூட்டு அதைப் பிடித்து நிறுத்தும். இவை மாறி மாறி நடக்கும். ஊசி தோலுக்குள் இருக்கும்போதே தோல் நகர்வதால் மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றையொன்று முந்துவதில்லை. மூன்றடி நீளப் பெல்ட்டின் முனைகள் கடைசிவரை பொருந்தி நிற்பதற்கு இதுவே காரணம். கரூர்ப் பகுதிப் பேருந்துக் கூடு கட்டும் பட்டறைகளில் இருக்கை தைப்பவர்கள் இவ்வகையை நாடுவதும் இதனால்தான்.

ஆனால் 111 என்ற எண்ணைப் பார்த்தவுடன் பணத்தை எடுத்துவிடக் கூடாது. அந்த வரிசையில் ஊசியும் பல்லும் மட்டுமே நகரும் வகைகளும் உண்டு. பூட்டை இறக்கிவிட்டுக் கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றும்போது இரண்டு பூட்டுகளும் மாறி மாறி எழுந்தால்தான் நாம் தேடுவது அது. 111டபிள்யூ155 அத்தகையது. 135x16 தோல் ஊசியும் 135x17 துணி ஊசியும் அதற்குப் பொருந்தும். இந்த ஊசிகள் இன்றும் எளிதில் கிடைப்பது பழைய இயந்திரத்துக்குப் பெரிய பலம். 20 டிக்கெட் நூலை 140 முதல் 160 வரையிலான ஊசியோடு அது சிரமமின்றி ஓட்டும். பின்னோக்கித் தைக்கும் வசதி அதில் இல்லை. முனையில் பொருளைத் திருப்பி இரண்டு மூன்று தையல் மேலேறிக்கொள்ள வேண்டும். எல்யூ-563இல் அந்த வசதி உண்டு. அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்கலாமா என்றால், நாள் முழுதும் பை தைப்பவர் கொடுக்கலாம், பெல்ட் தைப்பவருக்குத் தேவையில்லை.

155இல் ஒரு பாதுகாப்புக் கிளட்ச் இருக்கிறது. நூல் சிக்கி ஹூக் (மேல்நூலைப் பிடித்துக் கீழ்நூலோடு கோக்கும் சுழல் கொக்கி) இறுகினால், உடையாமல் கிளட்ச் தானாக விடுபட்டுவிடும். மேல்பாகம் ஓடும், ஹூக் நிற்கும், தையல் விழாது. விவரம் தெரியாதவர்கள் "ஹூக் செத்துப்போச்சு" என்று இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவதும் உண்டு. மேடையில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு கைச்சக்கரத்தைப் பின்பக்கமாகப் பலமாகத் திருப்பினால் ‘டக்’ என்று மீண்டும் பூட்டிக்கொள்ளும். அப்படியொரு இயந்திரம் கண்ணில் பட்டால் பேரம் பேசி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஹூக்கின் முனை முறிந்திருக்கிறதா என்பதை முதலில் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். சிறு பிசிறானால் எண்ணெய்க் கல்லால் தேய்த்து மெருகேற்றினால் போதும், முறிவானால் மாற்றியே ஆக வேண்டும்.

இதன் குறை வடிவத்தில் இருக்கிறது. மேடை தட்டையானது, செருப்புக்குள்ளோ, தைத்து முடித்த பையின் அடிமூலைக்குள்ளோ நுழையாது.

31கே

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீழ்ப்பல் மட்டுமே தோலை நகர்த்துகிறது. மேலிருக்கும் பூட்டு உராய்ந்து மேலடுக்கைப் பின்னுக்கு இழுக்கிறது. உருளைப் பூட்டு அல்லது டெஃப்லான் பூட்டு மாட்டினால் இந்த இழுவை பெரிதும் குறையும். மெல்லிய ஆட்டுத்தோல் இரண்டடுக்கு, கைப்பையின் உள்துணி, பர்ஸ் ஆகியவற்றை 40 டிக்கெட் நூலில் நேர்த்தியாகத் தைக்கும். அதற்கு மேல் எதிர்பார்த்து ஊசித்தட்டின் துளையை அகலப்படுத்தி, பூட்டின் ஸ்பிரிங்கை இறுக்கி, தடித்த ஊசி போட்டுத் துன்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல தையல்காரர் இயந்திரம் ஒன்று கெடும்; தோல் இயந்திரம் ஒன்று கிடைக்காது.

மோட்டாரும் வேகமும்

மோட்டாரில் ஓடும் 111ஐ எடுத்தாலும் 31கேயை எடுத்தாலும், தோலுக்காகச் செய்யத்தக்க ஒரே பெரிய மாற்றம் வேகத்தைக் குறைப்பதுதான். பழைய கிளட்ச் மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றுகிறது. அதில் 50 மி.மீ. புல்லியும் இயந்திரத்தில் 100 மி.மீ. சக்கரமும் இருந்தால் நிமிடத்துக்கு 720 தையல், அதாவது நொடிக்கு 12. வளைவில் நொடிக்கு இரண்டு தையல் போட நினைப்பவருக்கு அது குதிரையைப் பால் கறக்கச் சொன்ன கதை. இடையில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு குறைப்புப் புல்லி வைத்தால் வேகம் நொடிக்கு நான்காக இறங்கும், ஊசி துளைக்கும் வலு ஏறக்குறைய மூன்று மடங்காகும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய செர்வோ மோட்டார் மட்டும் மாற்றினால் வேகம் கட்டுக்குள் வரும், ஆனால் தடித்த இடத்தில் தொடக்கத்திலேயே திணறி நிற்கும். குறைப்புப் புல்லியும் சேர்ந்தால்தான் அந்தச் செலவுக்குப் பயன். பேட்சருக்கு இது எதுவும் வேண்டாம். அதற்குக் காலால் மிதிப்பதோ கையால் சுற்றுவதோதான் ஏற்றது.

கடைக்குப் போகும்போது நாம் தைக்கப்போகும் தோலையும் நூலையும் நாமே எடுத்துச் செல்ல வேண்டும். கடைக்காரர் வைத்திருக்கும் ரெக்சின் துண்டில் எந்த இயந்திரமும் அழகாகத் தைக்கும்.

பர்ஸ் மட்டும் செய்பவர் 31கேயோடு நின்றுவிடலாம். பெல்ட்டும் பையும் செய்பவர், விலை இரட்டிப்பானாலும் வாக்கிங் ஃபுட்டுக்குக் காத்திருப்பதே நல்லது. பழுது பார்ப்பவருக்கு மட்டுமே பேட்சர் முதல் இயந்திரம். மற்றவர்களுக்கு அது இரண்டாவது. என் பட்டறையில் 155 சன்னலோரமும், 29கே மூலையிலும் இருக்கின்றன. காங்கேயம் காளைக்குக் கழுத்துப்பட்டை கேட்டு வருபவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, இதில்தான் தைப்பீர்களா என்று கேட்பதுண்டு. நான்கு மில்லிமீட்டர்த் தோல் மூன்றடுக்கு என்றால் பன்னிரண்டு மில்லிமீட்டர். அதன் கீழே 155இன் பூட்டே எழாது. அந்தப் பட்டைகளை இன்றும் குத்தூசியும் மெழுகு நூலும் கொண்டு கையால்தான் தைக்கிறோம்.