பேர் இல்லாத மாத்திரைப் பொட்டலம்

குடியாத்தம் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் நாற்பது நாளையும் ஐம்பதாயிரத்துக்கு மேலும் விட்டோம். பேர் போடவில்லை, வம்பு வேண்டாம்.

அக்காவுக்குத் தினமும் சாயங்காலம் ஆறு மணியானால் குளிர் எடுத்துக் காய்ச்சல் 103 வரை ஏறும். மணிக்கட்டிலும் முழங்காலிலும் வலி. கையிலும் வயிற்றிலும் வெளிர் சிவப்பாகத் தடிப்பு. விடிந்தால் காய்ச்சலும் இருக்காது, தடிப்பும் இருக்காது. டாக்டர் வருவதோ காலை பத்து மணிக்கு. "எங்கம்மா இருக்கு தடிப்பு?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

அவர்கள் லேபிலேயே டைபாய்டுக்குப் பார்க்கும் விடால் என்ற ரத்த டெஸ்ட். டைபாய்டு என்று பத்து நாள் ஊசி. குறையவில்லை. மறுபடி விடால், மறுபடி ஊசி. நம் மாதிரி ஊர்களில் எப்போதோ வந்துபோன டைபாய்டுக்குக்கூட விடால் பாசிட்டிவ் காட்டும், ஊசிக்கு முன்பே ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவர்களுக்குமா தெரியாது? மூட்டுவலியைச் சொன்னால், முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ரத்த டெஸ்டைக் காட்டி, "ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், வாதம் இல்லை" என்று முடித்துவிட்டார்கள்.

கடைசியில் கொடுத்ததுதான் கொடுமை. வெள்ளைக் காகிதத்தில் மடித்த மாத்திரை. கேட்டால் "பவர் மாத்திரை" என்றார் கம்பவுண்டர். மூன்றே நாளில் அக்கா எழுந்து தோசை சுட்டாள். கைராசி டாக்டர் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். பொட்டலம் தீர்ந்தது, திரும்பப் படுத்துவிட்டாள்.

அப்புறம்தான் வேலூருக்குக் கூட்டிப்போனோம். மூட்டுநோய் டாக்டர் முதலில் கேட்டது, "தொண்டை வலி இருந்ததா?" இருந்தது. ராத்திரி செல்போனில் எடுத்த தடிப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெள்ளையணு 19,000. ரத்தத்தில் சில நூறுக்குள் இருக்க வேண்டிய ஃபெரிட்டின் என்ற இரும்புச்சத்துப் புரதம் 8,000-ஐத் தாண்டியிருந்தது. அப்போதும் உடனே பேர் வைக்கவில்லை. காசநோய், புற்று, வேறு மூட்டுநோய் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே, பெரியவர்களுக்கு வரும் ஸ்டில்ஸ் நோய் என்றார்கள்; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாறுமாறாகிக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் கொடுக்கும் நோய். இதற்கென்று தனி டெஸ்ட் கிடையாதாம். ஆர்.ஏ. ஃபேக்டர் இதில் நெகட்டிவாக வருவதுதான் வழக்கமாம்!

பொட்டலத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். நிணநீர்ப் புற்றாக இருந்திருந்தால், சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில்கூடத் தெரியாமல் மறைந்துபோயிருக்கலாம்" என்றார். இப்போதும் அக்கா சாப்பிடுவது ஸ்டீராய்டுதான். ஆனால் அட்டையில் பேர் இருக்கிறது, எந்த வாரம் எவ்வளவு குறைப்பது என்று சீட்டில் எழுதியிருக்கிறது. பேர் சொல்லாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பழைய இடத்தில் கேஸ் ஷீட் கேட்டுப் போனேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 மருத்துவ விதியிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் ரிப்பேராம். பாக்கி 1,200 ரூபாய்க்கு பில் மட்டும் அதே கம்ப்யூட்டரில் வந்தது.