ஒட்டிய துணியா, கழற்றும் பலகையா? வீட்டில் போக்கர் மேசை செய்யப் போகிறவர்களுக்கு

முதல் மேசையைச் செய்தபோது துணி எனக்குக் கடைசி நாள் வேலையாகத்தான் தெரிந்தது. வளைவு சரியாக வர வேண்டும், கால் ஆடக் கூடாது, கை வைக்கும் விளிம்பு மெத்தென்று இருக்க வேண்டும். கவலையெல்லாம் அதில்தான். துணிக்குப் பசை அடித்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதானே? இரண்டாவது மேசையைத் துணியிலிருந்தே தொடங்கினேன். இரண்டுக்கும் நடுவில் நடந்தது ஒரு கிளாஸ் கோலா.

வடிவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் 24 அங்குல ஆரத்தில் அரைவட்டமாக அறுத்தால் ஓட்டப்பந்தயத் தடம் போன்ற வடிவம் கிடைக்கும். அதன் சுற்றளவு ஏறக்குறைய 247 அங்குலம். பத்துப் பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 24 அங்குலத்துக்குச் சற்று மேல். முழங்கை இடிக்காமல் ஆட அதுதான் கடைசி எல்லை. எட்டுப் பேர் என்றால் சொகுசு. 4 அடி அகலத்தில் எண்கோணம் செய்கிறவர்கள் ஒரு பக்கத்தை அளந்து பார்க்க வேண்டும், 20 அங்குலம்கூட வராது. பக்கம் எட்டு இருக்கிறதே என்று எட்டுப் பேரை உட்கார வைத்தால் பக்கத்து ஆளின் சீட்டு தானாகவே தெரியும். ஆறு பேருக்கு அது நல்ல மேசை.

பலகை 18 மி.மீ. பிளைவுட். எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வழவழப்பாக இருக்கும், அறுப்பதும் எளிது. ஆனால் முழு ஷீட் 40 கிலோவுக்குப் பக்கத்தில் வரும், ஈரம் பட்டால் ஊதும், ஓரத்தில் அடித்த ஸ்டேப்பிள் அதில் பிடித்து நிற்காது. இதற்கு மேல் அந்த ஒப்பீட்டில் ஒன்றுமில்லை.

இனி துணி. அதைப் பலகையில் பொருத்த மூன்று வழி உண்டு. ஒன்று, ஃபோமின் மேல் பசை அடித்து ஒட்டிவிடுவது. இரண்டு, முழுப் பலகையையும் துணியால் மூடி, அடிப்பக்கம் ஸ்டேப்பிள் அடித்து, மேலே விளிம்பு வளையத்தை வைத்துக் கீழிருந்து போல்ட் போடுவது. மூன்றாவதில் நடுப்பலகையைத் தனியாக அறுத்தெடுத்து, அதற்கு மட்டும் துணி போர்த்தி, விளிம்பு வளையத்துக்குள் மூடிபோல உட்கார வைப்போம். முதலாவதும் மூன்றாவதும் நானே செய்தவை. இரண்டாவது வகை நண்பர் வீட்டில் இருக்கிறது. அதில் ஆடியிருக்கிறேன், ஒரே ஒரு முறை பிரிக்கவும் உதவியிருக்கிறேன்.

ஒட்டுவது எளிது என்பதில் சந்தேகமில்லை. ஒரு மாலையில் முடிந்துவிடும். சுருக்கம் வந்தாலும் பசை காய்வதற்குள் கையால் நீவிவிடலாம். முதல் சில மாதங்கள் என் மேசையைப் பார்த்தவர்கள் எல்லாரும் கடையில் வாங்கியதா என்றுதான் கேட்டார்கள். நானும் மறுக்க அவசரப்படவில்லை.

அப்புறம் கோலா. பெரிய பந்தயம், இரண்டு பேர் ஆல்-இன், அதாவது கையிலிருந்ததெல்லாம் பந்தயத்தில், ஒருவர் எழுந்து கையை வீசினார். முழு கிளாஸ். துடைத்தோம். மேலே துணி காய்ந்தது, ஆனால் அடியிலிருந்த ஃபோம் பஞ்சுபோல உறிஞ்சி வைத்திருந்தது. மறுநாள் அந்த இடத்தில் விரலால் அழுத்தியபோது ஈரம் மேலே வந்தது. சர்க்கரை இறுகியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு விறைத்துப்போனது. சீட்டு அதுவரை ஓடி வந்து அங்கே நின்றுவிடும். சரி, துணியை மாற்றிவிடலாம் என்று ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். துணி தனியாக வரவில்லை, ஃபோமையும் பிய்த்துக்கொண்டுதான் வந்தது. ஃபோமுக்கு அடியிலும் பசை என்பதால் அது பாதி என் கையிலும் பாதி பலகையிலும். பட்டிபோடும் தகட்டை வைத்து இரண்டு நாள் சுரண்டினேன். கடைசியில் பலகையின் மேல் தோலும் சில இடத்தில் உரிந்தது. 247 அங்குலச் சுற்றளவு என்று மேலே பெருமையாகச் சொன்னேனே, அதன் உள்பரப்பு முழுவதையும் சுரண்டிப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிது என்று தெரியும்.

இதை மட்டும் வைத்து ஒட்டுவதே தப்பு என்று சொன்னால் அது நியாயமில்லை. அன்று நான் போட்டிருந்தது சாதாரண மெத்தை ஃபோம், நீரை உறிஞ்சும் வகை. நீர் உறிஞ்சாத, மூடிய துளைகள் உள்ள ஃபோம் போட்டிருந்தால் பாதிச் சேதம் இருந்திருக்காது. ஆனாலும் கறை படிந்த துணி கறை படிந்ததுதான், அதை எடுக்க வழியும் இல்லை. மேசையில் எது முதலில் தேயும் என்று கேட்டால் துணிதான். டீலர் சீட்டு கலைக்கும் இடத்தில் பளபளப்பு ஏறும், சிப்பை (பந்தய வில்லையை) இழுக்கும் இடத்தில் நூல் எழும்பும். கோலா கொட்டாத வீட்டிலும் இது நடக்கும். பலகையும் காலும் பல வருஷம் நிற்கும். தேயப் போவதை நிரந்தரமாக ஒட்டி, நிலைத்து நிற்பதை போல்ட்டில் மாட்டி வைத்திருந்தேன்.

அதனால்தான் இரண்டாவது மேசையில் கழற்றும் பலகை. நடுப்பலகை ஏறக்குறைய 86 அங்குல நீளம், 38 அங்குல அகலம், சுற்றிலும் 5 அங்குல விளிம்பு. ஃபோமை மட்டும் பலகையில் ஒட்டினேன், 6 மி.மீ., மூடிய துளை வகை. துணிக்குப் பசையே கிடையாது. சுற்றி இழுத்து அடியில் ஸ்டேப்பிள். பலகை உட்கார விளிம்பு வளையத்தின் அடியில் உள்பக்கம் நீட்டியபடி மரச்சட்டங்கள் அடித்திருக்கிறேன். துணி மாற்ற வேண்டுமென்றால் கீழிருந்து கையால் தள்ளினால் போதும், பலகை மேலே வந்துவிடும். கவிழ்த்துப் போட்டு ஸ்டேப்பிளைப் பிடுங்கி, புதுத் துணி அடித்து, திரும்ப வைக்கலாம். ஒரு முறை மாற்றியிருக்கிறேன். ஸ்டேப்பிள் பிடுங்கத்தான் நேரம் போனது, ஒரு மதியத்தில் முடிந்தது.

இதில் இருக்கும் உண்மையான சிரமம் இடைவெளி. நடுப்பலகையையும் விளிம்பு வளையத்தையும் ஒரே ஷீட்டிலிருந்து அறுக்கும்போது, வெட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் இரண்டுக்கும் நடுவே இடம். அந்த இடத்துக்குள் பலகையைச் சுற்றி மடியும் துணியும், வளையத்தின் மெத்தைமேல் போர்த்தி உள்விளிம்பில் மடியும் ரெக்சினும் போக வேண்டும். ரெக்சினோடு ஃபோமும் கொஞ்சம் உள்ளே மடிந்தால் அதற்கும் இடம் வேண்டும். 6 மி.மீ. பிட் போட்ட ரவுட்டரை (சுழலும் பிட்டால் மரம் வெட்டும் கருவி) வளைவுகளில் அவற்றின் மையத்தில் ஆணி அடித்துச் சுழற்றியும், நேர்ப்பக்கத்தில் சட்டம் வைத்து ஓட்டியும் அறுத்தால் சுற்றிலும் 6 மி.மீ. கிடைக்கும், எல்லாம் அடங்கும். நான் முதலில் ஜிக்சாவில் அறுத்தேன். வெறும் மரமாக வைத்துப் பார்த்தபோது அச்சாகப் பொருந்தியது, மகிழ்ந்தேன். துணியும் ரெக்சினும் போர்த்திய பிறகு ஏறி நின்றுவிட்டது, உள்ளே இறங்க மறுத்தது. எல்லாவற்றையும் பிரித்து, பலகையின் ஓரம் முழுவதையும் தேய்த்து 3 மி.மீ. குறைத்த பிறகுதான் உட்கார்ந்தது. ரவுட்டர் இல்லாதவர்கள் போர்த்துவதற்கு முன்பே துணித்துண்டு ஒன்றையும் ரெக்சின் துண்டு ஒன்றையும் இடுக்கில் செருகிப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் தேய்க்க வேண்டும்.

ரெக்சின் இழுப்பது வேறு ஒரு சண்டை. நேரான பக்கத்தை முதலில் அடித்துவிட்டு, வளைவுக்கு வரும்போது ஹேர் டிரையரால் சூடுகாட்டி இழுத்தால் சுருக்கம் அடிப்பக்கத்துக்குப் போய்விடும். உள்வளைவில் ரெக்சினை ஓரத்திலிருந்து ஆங்காங்கே வெட்டிவிட வேண்டும், ஆனால் வெட்டு மரத்தின் விளிம்புவரை போகக் கூடாது. போனால் உட்கார்ந்து ஆடுகிறவர் கண்ணில் படும். என்னுடையதில் ஒரு இடத்தில் படும். அங்கே எப்போதும் நான்தான் உட்காருவேன்.

நண்பர் வீட்டு மேசை இந்த இரண்டு வகைக்கும் நடுவே நிற்கிறது. முழுப் பலகையில் துணி, மேலே போல்ட் போட்ட விளிம்பு. இடைவெளிக் கணக்கே இல்லை, ஓரம் கோணலாக அறுத்திருந்தாலும் விளிம்பு மறைத்துவிடும். தச்சுவேலையில் கை பழகாதவருக்கு இதுதான் என்று தோன்றுகிறது. துணி மாற்றும்போது மட்டும் மேசையைக் கவிழ்க்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும், பதினாறு போல்ட்டையும் கழற்ற வேண்டும். நாங்கள் பிரித்த அன்று ஒரு போல்ட் மரத்துக்குள் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது, உள்ளே இருந்த டி-நட் (மரத்தில் பதித்த நட்) பிடி விட்டிருந்தது. அது அந்த மேசையின் குறையா, அந்த முறையின் குறையா என்று ஒரே மேசையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

எந்தத் துணி என்று கேட்பவர்களுக்கு: வெல்வெட் தொட அழகு, பார்க்க அழகு, கிடைப்பதும் எளிது. ஆனால் அதன் முடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு திசையில் சீட்டு ஓடும், எதிர்த்திசையில் இழுத்துப் பிடிக்கும். 8 அடி மேசையில் ஒரு முனையில் உட்கார்ந்து பங்கிடுகிறவர் எதிர்முனைக்குச் சீட்டை அனுப்ப வேண்டுமே, பாதி வழியில் நின்று கவிழ்ந்து முகத்தைக் காட்டிவிடும். ஸ்பீட் கிளாத் என்று விற்கும் பாலியஸ்டர் துணியில் சீட்டு வழுக்கிக்கொண்டு போகும், நீர் கொட்டினால் உடனே உள்ளே இறங்காமல் முத்துமுத்தாக நிற்கும், துடைக்க அவகாசம் கிடைக்கும். சிலர் சீட்டு ரொம்ப ஓடுகிறது என்பார்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும், தப்பி ஓடுவதை விளிம்பு தடுத்துவிடும். அகலம் பெரும்பாலும் 58, 60 அங்குலம் இருப்பதால் என் அளவுப் பலகைக்கு இரண்டரை மீட்டர் வாங்கினால் ஒட்டுப்போடாமல் முடிந்தது. நியோப்ரீன் என்னும் ரப்பர் விரிப்புகளும் இருக்கின்றன, மேசை செய்யாமல் சாப்பாட்டு மேசைமேல் விரித்தே ஆடலாம். அதில் ஒரே ஒரு ராத்திரிதான் ஆடியிருக்கிறேன். சீட்டு எடுக்க நன்றாக இருந்தது, அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

ஃபோமுக்குப் பதிலாக யோகா பாயை வெட்டிப் போடுவதைப் பலர் செய்கிறார்கள். தடிமன் சரிதான், நீரும் உறிஞ்சாது. ஆனால் பாய் 24 அங்குல அகலம், பலகை 38. இரண்டு பாயைச் சேர்த்த கோடு துணிக்கு அடியில் தெரியும், சிப் அடுக்கு அதன்மேல் வந்தால் சாயும். தடிமனை 6 மி.மீ.க்கு மேல் ஏற்றினாலும் இதே கதைதான், உயரமாக அடுக்கிய சிப்கள் தள்ளாடும்.

கிளாஸ் வைக்கும் குழிகளைத் துணியில் வெட்டாதீர்கள், விளிம்பிலேயே வெட்டுங்கள். துணியில் வெட்டினால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பத்துத் துளையை அளந்து வெட்ட வேண்டும், அப்புறம் கழற்றும் பலகை செய்ததற்கே பொருளில்லை. குழியின் விட்டத்தை அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யாமல், குழியில் இறக்கும் கிண்ணத்தைக் கையில் வாங்கி அளந்த பிறகு துளை போடுங்கள்.

விற்கும் எண்ணம் இருந்தால் எது லாபம் என்று ஒருவர் கேட்டார். நான் விற்றதில்லை. வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது துணியைத்தான் இருக்கும், அதைப் புதிதாக மாற்றிவிட்டு விற்க முடிகிற மேசைக்கு அந்த வசதி உண்டு என்பதுவரை சொல்லலாம்.

இன்னொன்று. கையால் அறுத்த பலகை இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வராது. என்னுடையது ஒரு பக்கமாக வைத்தால்தான் உட்காரும், திருப்பி வைத்தால் ஒரு மூலை மேலே எழும்பும். பலகையின் அடியில் ஒரு அம்புக்குறி, அது காட்டும் பக்கத்தில் வளையத்தின் அடியில் இன்னொன்று, மார்க்கரில் போட்டு வைத்திருக்கிறேன். முதலில் பென்சிலில்தான் போட்டிருந்தேன். ஓரத்தைத் தேய்த்தபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது.